பென்சிலில் எழுதிய வெள்ளம்

எங்கள் கரைத்தெருவுக்குப் பொழுது விடிந்ததே செவரினா அக்காவின் குரலில்தான். ஏரியின் மேல் பனி கிடக்கும். எது தண்ணீர், எது வானம் என்று தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வரும்: "பதினொண்ணு இருவது!" படகுத்துறையின் கடைசித் தூணில் அடித்திருந்த அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துச் சொல்வது அது. யாருக்குச் சொல்கிறார்? ஒருவருக்கும் இல்லை. உரக்கச் சொன்னால்தான் வீட்டுக்குப் போய் எழுதும்வரை மறக்காது என்பார். என் வாத்துகள் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பட்டியை விட்டு இறங்கும். நான் கதவைத் திறந்து வைத்தாலும் நின்று என்னை முறைக்கும். தீனி போடுகிறவன் நான், மரியாதை மட்டும் அவருக்கு.

நான் பெர்த்தோ. சான் லிபோரியோவில் வாத்து வளர்க்கிறவன். அக்காவுக்குப் பக்கத்து வீடு. எனக்கு நயமாகப் பேச வராது, கோபம்தான் சட்டென்று வரும். அந்தக் கோபத்தில் ஒரு தடவை அக்காவை என்னென்னவோ பேசிவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

மணிலாவிலிருந்து ஏதோ ஒரு துறையின் அதிகாரி வந்து அந்த அளவுகோலை அடித்தது அறுபத்து மூன்றில். "இந்தத் தெருவுல எண் எழுதத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார். அக்கா அப்போது புதுப்பெண். எழுதிக் காட்டினார். வேலை கிடைத்தது. சில வருடங்களில் அந்தத் துறை போய், ஏரி முழுவதற்கும் என்று ஓர் ஆணையம் வந்தது. அளவுகோலோடு அக்காவும் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டார். மூத்த மகள் பிறந்த அன்றுகூட நோட்டில் எழுதினார். மருத்துவச்சி திட்டத் திட்ட, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனார்.

அளந்து முடித்ததும் திரும்ப மாட்டார். அரை மணி நேரம் அங்கேயே நிற்பார். ஆகாயத்தாமரைக் கூட்டம் தானாக நகர்ந்து போவதையும், மீன்கொத்தி ஒன்று மூங்கில் உச்சியில் தூங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏரி இன்னிக்கு ஒருக்களிச்சுப் படுத்திருக்கு பெர்த்தோ" என்பார். வீட்டிலிருந்து அவர் கணவர் திபூர்சியோ கத்துவார்: "அடியே, காப்பி ஆறிப்போச்சு! ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது!"

திபூர்சியோ அண்ணன் படகு கட்டும் தச்சர். மனைவியின் வேலையைக் கேலி செய்வார். ஆனால் புயல் நாட்களில் துறை தண்ணீருக்குள் போய்விடும், அலையில் படகு எடுக்க முடியாது, அக்கா அளக்க முடியாமல் வீட்டுக்குள் தவிப்பார். அதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. ஒரு மழைக்காலம், ஏரி அசையாமல் இருந்த காலையில், தண்ணீர் எங்கள் படிகள் வரை ஏறியிருந்தது. அளவுகோலில் என்ன எண்ணோ அதே எண்ணை வீட்டுப் படிக்கட்டின் தூணில் குறித்தார். அங்கிருந்து மேலே ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஒரு செப்பாணி. "இந்தா, உனக்கு வீட்டுலயே ஒரு ஏரி" என்றார். எங்கள் வீடுகள் எல்லாம் கால்கள் மேல் நிற்பவை. அக்கா கதவைத் திறந்து ஆணியைப் பார்த்தால் போதும். துறையில் அளந்த நாளில் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து மையில் எழுதுவார். புயல் நாளில் கை ஈரத்தில் மை கரையும் என்று பென்சிலில் எழுதுவார். அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அதற்குள் எங்கள் தெருவே ஒளிந்திருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எழுபத்தாறில் நகராட்சி கரைச்சாலையை அகலப்படுத்தியது. முப்பத்து நாலு வீடுகளும் பத்து நடை தூரம் ஏரிப் பக்கம் நகர வேண்டும் என்றார்கள். நகர்ந்தோம். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்குக் கீழே மூங்கில்களைக் கட்டி, முப்பத்தாறு பேர் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைப்போம். வீட்டுக்காரர் ஒரு பன்றியை வெட்டி, ஜின் வாங்கி வைப்பார். சட்டி பானைகூட இறக்க மாட்டோம்.

அக்காவின் வீட்டைத் தூக்கிய அன்று அவருக்குக் கடும் காய்ச்சல். "அவள எழுப்பாதீங்கடா, வீட்டோட வரட்டும்" என்றார் திபூர்சியோ அண்ணன். அப்படியே தூக்கினோம். பின்பக்க இடது மூலை எனக்கு. சாலை ஓரத்தில் ஒரு மேடு, அதிலிருந்து கீழே இறங்கும்போது என் வலது முட்டியில் ஏதோ 'டக்' என்றது. இன்றைக்கும் மழை வருவதற்கு முன்னால் அது சொல்லிவிடும். பத்து நடை முடிந்ததும் நாங்கள் இறக்கப் போனோம். "இன்னும் மூணு நடை, இன்னும் மூணு நடை. அவளுக்குத் தண்ணி பக்கத்துல இருக்கணும்" என்றார் அண்ணன். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மூன்று நடை வைத்தோம்.

சாயங்காலம் அக்கா கண் விழித்தார். கஞ்சி கொண்டுபோன என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம்: "ஏரி என்னத் தூக்கிட்டுப் போச்சு. வீட்டோட தூக்கிட்டுப் போச்சு. மீனெல்லாம் கீழ நடந்து வந்துச்சு. அப்புறம் எறக்கி வெச்சுட்டுப் பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு. நான் கேட்டேன்."

காய்ச்சல் பேச்சு என்று விட்டுவிட்டோம். ஆனால் அக்கா விடவில்லை. அடுத்த புயலில் அவர் நோட்டில் எண் உயர்ந்தது. புயல் ஓய்ந்து துறைக்குப் போய் அளந்தால் ஒரே நாளில் ஒரு முழம் இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த புயலிலும் அப்படியே. "பாத்தியா? புயல் போனதும் ஏரி மூச்சு விட்டுடுது. பயந்து புடிச்சு வெச்சிருந்த மூச்சு" என்றார். அவர் சொல்லும் விதத்தில் எங்களுக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. புயல் ஓய்ந்த காலைகளில் நானே கரையில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டிருக்கிறேன்.

எண்பத்தெட்டில் திபூர்சியோ அண்ணன் இறந்துபோனார். மகள்கள் இருவரும் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா தனியாகக் காப்பி போட்டு, அதைத் தனியாக ஆறவிட்டார்.

பிறகுதான் ஏரிக்கு இரண்டு எஜமானர்கள் வந்தார்கள். தண்ணீரில் மூங்கில் நட்டு, வலை கட்டி, மீன் அடைப்பு போடுகிறவர்களுக்கு மேயர் அனுமதிச் சீட்டு கொடுத்தார். ஊரை ஒட்டிய தண்ணீர் ஊருக்குச் சொந்தம், சட்டமே சொல்கிறது என்றார். ஏரி முழுவதும் எங்கள் அதிகாரம், அதையும் சட்டம்தான் சொல்கிறது என்றது ஆணையம். நகராட்சி ஒரு வெள்ளைப் பலகை நட்டால், மறுவாரம் ஆணையம் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பலகை நடும். பலகை எல்லாம் கொக்கு உட்காரத்தான் ஆயிற்று. ஜிலேபிக் கெண்டை மட்டும் யாரிடமும் சீட்டு வாங்காமல் போய்வந்து கொண்டிருந்தது.

சண்டை தண்ணீரோடு நிற்கும் என்று நினைத்தோம். தொண்ணூற்று நாலில் கரையேறியது. முப்பத்து நாலு வீட்டுக் கதவிலும் ஆணையம் நோட்டீஸ் ஒட்டியது: இந்த வீடுகள் ஏரிக்குள் இருக்கின்றன, அறுபது நாளில் பிரித்துக்கொள்ளவும். நகராட்சி வழக்குப் போட்டது. காய்ந்த தரையில் ஏரி ஆணையத்துக்கு என்ன வேலை? ஆணையம் சொன்னது: வருடா வருடம் தண்ணீர் ஏறும் உச்சத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் எதுவரை வருமோ அதுவரை ஏரி. அதுவரை எங்கள் அதிகாரம்.

நீதிபதி வயதானவர். வாயில் எப்போதும் இருமல் மிட்டாய். இரண்டு பக்கத்தையும் நாலு மாதம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சட்டம் ரெண்டு பேர் கையிலயும் இருக்கு. மொதல்ல ஏரி எதுவரைக்கும்னு காட்டுங்க. அது யாருதுன்னு அப்புறம் நான் சொல்றேன்."

எதுவரைக்கும் என்று தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். முப்பத்தோரு வருட நோட்டுகளும் தகரப் பெட்டியோடு நீதிமன்றம் போயின. ஆணையத்தின் என்ஜினியர் தீமயூகா, வழுக்கைத் தலையும் கறுப்புக் குடையுமாக வந்து, உட்கார்ந்து கூட்டிக் கழித்துக் கோடு போட்டார். கோடு எங்கள் வீடுகளுக்குப் பின்னால், சாலையோர மேட்டில் விழுந்தது. முழுத் தெருவும் ஏரிக்குள்.

நான் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, அந்த நோட்டுல பாதிய கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லிடுங்க."

"கரையானா? தகரப் பெட்டிலல்ல வெச்சிருந்தேன்?"

"ஐயோ! அரிக்கலன்னா என்ன, நானே கொண்டாந்து விடுறேன்! இல்ல, எண்ண தப்பா எழுதிட்டேன்னு சொல்லுங்க. வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க."

"தண்ணி சொன்னதத்தான எழுதினேன் பெர்த்தோ? அது எவ்ளோ தூரம் வந்துச்சோ அவ்ளோ தூரம் அதோடதுதான?"

"அப்ப நாங்க எங்க போறது? பட்டணத்துல போயி பாலத்துக்கு அடியில படுக்கவா? உங்க வீடும்தான போகுது!"

"போகுது" என்றார். கண் கலங்கியது.

"அந்தத் தண்ணியையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டு வந்தேன். அதன்பிறகு தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. நான் அதில் முதல் ஆள். அவர் மட்டும் காலையில் பனிக்குள்ளிருந்து எண் சொல்லிக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன வாத்துகள் அதைக் கேட்டுத்தான் இறங்கின.

கடைசி விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளம் வந்தது. புயல் வடக்கே எங்கோ கரையேறிவிட்டது. எங்களுக்குக் காற்றே இல்லை, மலைத் தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. விடிந்து பார்த்தால் ஏரி எங்கள் படிகளுக்குள் கண்ணாடி மாதிரி நின்றது. தெரு முழுவதும் தலைகீழாக இன்னொரு தெரு. என் வாத்துகள் திபூர்சியோ அண்ணன் நட்ட கொய்யாமரத்தின் கிளைகளுக்கு நடுவில் நீந்திக்கொண்டிருந்தன. அந்த மாதிரி காலையில் கோபமாக இருப்பதுகூடக் கஷ்டம்.

அக்காவுக்கு முந்தின நாள் பாசியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. துறைக்குப் போக முடியாமல் படியில் உட்கார்ந்திருந்தார். வழக்குக்காகத் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று என்ஜினியர் படகில் துறைக்கு வந்திருந்தார். தண்ணீர் மேல் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அம்மா! பன்னெண்டு அறுவது!"

அக்கா குனிந்து செப்பாணியைப் பார்த்தார். "இல்ல சார்! பதிமூணு!"

"பன்னெண்டு அறுவதும்மா!"

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க சார்! பதிமூணு!"

"ரெண்டு தடவ தொடச்சுட்டேன்!"

அக்கா என் பக்கம் திரும்பினார். ஆறு வாரத்தில் முதல் தடவை. "பெர்த்தோ, படக எடு."

பேசக்கூடாது என்று இருந்தேன். ஆனாலும் எடுத்தேன். துறைக்குப் போனதும் அக்கா அளவுகோலில் முகத்தை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு அறுபது. திரும்பி வந்தோம். படியில் மறுபடி ஆணியைப் பார்த்தார். பதிமூன்று. ஒரே ஏரி, ஒரே காலை, காற்று இல்லை, அலை இல்லை. இடையில் ஒரு முழம் காணவில்லை.

"பெர்த்தோ, அன்னிக்கு வீட்டத் தூக்கிட்டு வந்தீங்களே, எறங்கினீங்களா?"

"என்னக் கேக்காதீங்க, என் முட்டியக் கேளுங்க! அந்த மேட்டுலேர்ந்து ஒரு முழம் எறங்கினோம். அன்னிக்குப் போன முட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வீடு ஒரு முழம் கீழே இறங்கியிருக்கிறது. படியும் அதோடு இறங்கியிருக்கிறது, படியோடு ஆணியும். பதினெட்டு வருடமாகப் புயல் தண்ணீரை அக்கா ஒரு முழம் கூட்டியே எழுதியிருக்கிறார். வருடத்தின் உச்சம் எல்லாமே புயல் நாளில் எழுதியதுதான். கோடு தப்பு!

எங்களுக்கு இது தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம்தான். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வீடு நகர்ந்ததாகவே தோன்றாது. அதே கதவு, அதே ஜன்னல், அதே படி. வெளியில் இருப்பதுதான் மாறியிருக்கும்.

நான் படகிலேயே எழுந்து நின்று கூத்தாடினேன். "அக்கா! பொழச்சோம்! தெரு பொழச்சுது!" படகு கவிழப் பார்த்தது. அக்கா படியில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாத அழுகை.

"அப்ப ஏரி மூச்சு விடவே இல்லையா பெர்த்தோ?"

நான் உட்கார்ந்தேன். புயல் போனதும் ஒரு முழம் இறங்கியது ஏரி இல்லை. பென்சிலுக்கும் மைக்கும் நடுவில் இருந்த எங்கள் மேடு அது. பதினெட்டு வருடம் அவர் அந்த மூச்சோடுதான் வாழ்ந்திருக்கிறார், அண்ணன் போன பிறகு முக்கியமாக. தெரு பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, இதற்கு அழுவதா என்று தெரியாமல் துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பகல் முழுவதும் அக்கா மேசையில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்காகப் போடுகிறார் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு முன்னால் நகராட்சி வக்கீல் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "ஆணிய தப்பா அடிச்சது உங்க வீட்டுக்காரர்னு சொல்லிடுங்கம்மா. அவர் இல்ல, யாரும் கேக்கப் போறதில்ல."

"அவர் சரியாத்தான் அடிச்சார்" என்றார் அக்கா. "தூங்கினது நான்."

கூண்டில் ஏறினார். ஆணையத்து வக்கீல் நோட்டைப் பிரித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப பதினெட்டு வருஷமா நீங்க எழுதினது பொய்?"

"பொய் இல்லைங்க. தப்பு. புயல் நாள்ல எழுதினது மட்டும். பென்சில்ல இருக்கறது தப்பு, மையில இருக்கறது சரி."

"வீட்டத் தூக்கி வேற எடத்துல வெச்சீங்க. திரும்ப அளந்து பாக்கணும்னு தோணலையா?"

"தோணலைங்க. படி அதே படிதானன்னு இருந்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை, மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"வீட்டப் பிரிக்கச் சொன்னப்புறம்தான் தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்! உங்க வீடும் அந்த முப்பத்து நாலுல ஒண்ணுதான?"

"ஆமாங்க."

"அப்ப உங்க சொந்த வீட்டுக்காகத்தான் இத்தன வருஷக் கணக்கையும் தப்புன்னு சொல்ல வந்திருக்கீங்க. வேற ஏதாவது சொல்லணுமா?"

அக்கா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "இல்லைங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று எழுந்துவிட்டேன். உட்காராவிட்டால் உள்ளே தள்ளுவேன் என்றார் நீதிபதி. உட்கார்ந்தேன். கடைசியில் அக்காவுக்குச் சாட்சி சொன்னவர் தீமயூகா. ஆணையத்தின் சம்பளம் வாங்குகிறவர், இரண்டு எண்ணையும் ஒரே காலையில் தன் கண்ணாலும் காதாலும் அறிந்தேன் என்று சொன்னார். அந்த வழுக்கைத் தலையை அன்றைக்கு முத்தமிட்டிருப்பேன்.

தீர்ப்பு வந்தது. கோட்டுக்கு உள்ளே தண்ணீரோ தரையோ, அடைப்போ படகோ, எல்லாம் ஆணையத்தின் அதிகாரம். கோட்டுக்கு வெளியே நகராட்சி. பென்சில் எண்களைத் திருத்தியதில் கோடு ஒரு சாண் இறங்கியது. எங்கள் மாதிரி தட்டைக் கரையில் ஒரு சாண் இறங்கினால் ஏரி பல நடை பின்வாங்கிவிடும். மேயர் அலுவலகத்தில் பட்டாசு வெடித்தார்கள். ஆணையத்து அலுவலகத்திலும் வெடித்தார்கள். யார் ஜெயித்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என்ஜினியர் தலையில் சிவப்புப் பூசிய முளைகளைக் கொண்டுவந்து கோடு நெடுக அடித்துக்கொண்டே போனார். முளை ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் விழ விழக் கைதட்டினோம். முப்பத்து மூன்று வீடு ஆயிற்று. கடைசியில் அக்காவின் வீடு. அளந்தார், திரும்ப அளந்தார். குடையை மடக்கினார். முளை வீட்டுக்கு அடியில், கால்களுக்கு நடுவில் விழுந்தது. வீட்டின் முன்பாதி ஏரிக்குள்.

"அம்மா..." என்றார்.

"தெரியும் சார்" என்றார் அக்கா. "அந்த மூணு நடை."

கைதட்டல் நின்றது. எனக்கு அந்தக் கூண்டில் அவர் வாயைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. வெள்ளத்தன்றே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கோடு எப்படி இறங்கினாலும் தன் வீடு தப்பாது என்று தெரிந்தேதான் கூண்டில் ஏறியிருக்கிறார். சொந்த வீட்டுக்காகத்தானே என்று அந்த ஆள் கேட்டபோது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கணக்கை இன்னொரு தடவை கிளறுவார்கள், தெருவுக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாராம். பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்குச் செருப்பால் அடி வாங்கிய மாதிரி இருந்தது. வாங்கியிருக்கவும் வேண்டும்.

அடுத்த வாரம் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் இயந்திரம் அளக்கும், இத்தனை வருட சேவைக்கு நன்றி. துறைத் தூணிலிருந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மூன்று காலை பனிக்குள்ளிருந்து குரல் வரவில்லை. வாத்துகள் பட்டியிலேயே நின்றன. நாலாவது நாள் நான் கோடாரியை எடுத்தேன். வாத்துப்பட்டி வேலியை வெட்டிச் சாய்த்தேன்.

"என்னய்யா, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள் என் மனைவி.

"மேட்டுப் பக்கம் இருக்கற எடம் இதுதான். அக்கா வீடு இங்க வரும். வாத்து எங்கயாவது போகட்டும், அதுக்குத்தான் இவ்ளோ பெரிய ஏரி இருக்கே."

அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "பன்னி ஒண்ணு வாங்கியாச்சு. ஞாயித்துக்கெழமை தூக்குறோம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "முட்டி தாங்குமாடா?"

"தாங்கலன்னா போகட்டும் அக்கா!"

ஞாயிற்றுக்கிழமை காலை பனி. முதல் தடவை தூக்கியவர்களில் ஒன்பது பேர்தான் மிச்சம். பாக்கி இடத்தில் அவர்களுடைய மகன்கள், மருமகன்கள். ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தீமயூகா குடையை வேலியில் மாட்டிவிட்டு மூங்கிலுக்குள் தோளைக் கொடுத்தார்.

"வெளிய வந்து நில்லுங்கம்மா, ஆட்டம் கொடுக்கும்" என்றார்.

"மாட்டேன்" என்றார் அக்கா. "போன தடவ தூங்கிட்டேன்."

ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தூக்கினோம். வீடு சேற்றிலிருந்து முனகிக்கொண்டு எழுந்தது. பனிக்குள் எங்கள் கால்களே எங்களுக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது, அத்தனை நாளாகக் கேட்காத குரல்: "ஒண்ணு! ரெண்டு! மூணு!" நாங்கள் நடக்க நடக்க அவர் எண்ணினார். எங்கிருந்தோ என் வாத்துகள் கத்திக்கொண்டு பின்னால் வந்தன. மேட்டில் ஏறும்போது என் முட்டி மறுபடி 'டக்' என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் மட்டும் இல்லை. "பதினாலு! பதினஞ்சு!"

"வையி... மெதுவா... வையி!"

கால்கள் மண்ணில் உட்கார்ந்தன. மூங்கிலை விட்டு, முப்பத்தாறு பேரும் ஒரே சமயத்தில் பெரிதாக மூச்சு விட்டோம்.

மேலே எண்ணிக்கை நின்றுபோயிற்று. அக்கா ஜன்னலில் எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பெர்த்தோ, இப்ப ஒரு சத்தம் வந்துச்சே. என்னது?"

"நாங்கதான் அக்கா. முதுகு ஒடஞ்சுபோச்சு."

"இன்னொரு தடவ விடுங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கும் நீங்கதானா?"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. காய்ச்சலில், தூக்கத்தில், வீட்டை இறக்கி வைத்தபோது அவர் கேட்ட மூச்சு.

"ஆமா அக்கா. அன்னிக்கும் நாங்கதான்."

"அதுல திபூர்சியோவும் இருந்தாரா?"

"அவர் இல்லாமயா? இருந்ததுலயே பெரிய மூச்சு அவருதுதான் அக்கா."

அக்கா தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்.